‘சரி’ என்று ஒரு பொத்தான்

போன கிழமை உங்கள் அலுவலகத்துக்கு என்னைக் கூப்பிட்டு, நீங்கள் செய்துகொண்டிருக்கும் விண்வெளி விளையாட்டைக் காட்டினீர்கள். நல்ல தேநீர், நல்ல பிஸ்கட், அதைவிட நல்ல படங்கள். எங்கள் காலத்தில் நட்சத்திரம் என்றால் கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி. அதுவும் தூசியா நட்சத்திரமா என்று துடைத்துப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் நட்சத்திரங்களைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

பிறகு உங்களில் ஒரு தம்பி, கோளில் ஆட்கள் கூடிவிட்டால் பிறப்பைத் தடை செய்யும் கட்டளை ஒன்று இருப்பதைக் காட்டினார். “இதுதான் மிஸ் இதுலயே கஷ்டமான முடிவு. விளையாடுறவங்க தடுமாறிப் போவாங்க” என்றார். நான் திரையைப் பார்க்கவில்லை, விளையாடிய பிள்ளையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை தடுமாறவில்லை. மற்றக் கையில் பிஸ்கட் இருந்தது, இந்தக் கை அழுத்தியது, விளையாட்டு மேலே போனது.

அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. விளையாட்டுகளைச் சோதனை பார்க்கிறவள் முதல் நாளே வாயைத் திறந்தால் அடுத்த நாள் தேநீர் கிடைக்காது என்பது என் அனுபவம். ஆனால் வீட்டுக்கு வந்து படுத்தும் மனம் ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் வேலை என்ன என்று என் அம்மாவுக்குக் கடைசி வரை விளங்கவில்லை. டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா கிளாக்கர், அலுவலகத்தில் எழுத்து வேலை. மகள் கொம்பியூட்டர் படித்துப் பெரிய உத்தியோகம் பார்ப்பாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்கள். மகளோ நாள் முழுக்க விளையாடுகிறாள், விளையாடி அதில் என்ன பிழை என்று சொல்கிறாள், அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள். “யாரும் கேட்டா டைப் அடிக்கிறேன்னு சொல்லு” என்று அம்மா சொல்லித் தந்தார். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுத் தந்தவரை நாங்கள் சேர் என்று மட்டும்தான் கூப்பிடுவோம். பெயர் வேண்டாம், அவருக்குப் பெயர் வெளியே வருவது பிடிக்காது. கண்டிக்காரர், பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்துவிட்டு, ஹட்டனில் ஒரு சாமான் கடையின் மாடியை வாடகைக்கு எடுத்துக் கொம்பியூட்டர் வகுப்பு வைத்தவர். வகுப்பில் பிள்ளைகள் குறைந்த காலத்தில் கொழும்புக் கம்பனிகளுக்குச் சின்னச் சின்ன விளையாட்டுகள் செய்து கொடுக்கத் தொடங்கினார். முதல் நாளே எனக்கு ஒன்று சொன்னார்: “விளையாடுறவன் பிழையா அமத்தினா சிரிக்காத. மூஞ்சியப் பாக்காத, திரையப் பாக்காத. கையைப் பாரு. கை எங்க போகுதோ, அங்கதான் அவன் எதையோ எதிர்பார்க்கிறான்.” பள்ளிக்கூடத்தில் பிரம்போடு நின்று இதைச் சொல்லியிருந்தால் யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். பிளேன்டீயும், மீன் வைத்த மாலு பானும் வாங்கித் தந்து சொன்னதால் இன்று வரை மறக்கவில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. போர்நிறுத்தத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்திருந்தது. அந்தப் பாதையால் வந்து சேர்ந்தவன்தான் குகன். அவனுடைய மாமா நுவரெலியாவில் ஆசிரியராக இருந்தார். அவர் வீட்டுக்கு விடுமுறைக்கு வந்தவன், ஆள் தேவை என்ற எங்கள் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஹட்டனிலேயே தங்கிவிட்டான். நிரல் எழுதுவதில் கெட்டிக்காரன். குளிர்தான் அவனுக்கு ஆகாது. ஸ்வெட்டரின் மேல் ஸ்வெட்டர் போட்டு, மொனிட்டரின் பின்பக்கச் சூட்டில் கையைக் காய்ச்சிக்கொண்டு, “எங்கட ஊரில இந்நேரம் வேர்க்கும் அக்கா” என்று பெருமூச்சு விடுவான். மற்றவள் மலர். நோர்வூட்டைத் தாண்டி ஒரு தோட்டத்து லயத்திலிருந்து, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளிலிருந்து, பஸ்ஸில் வருவாள். படம் வரைவது அவள் வேலை. கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நின்றார், மாதத்தில் ஒரு தடவை வருவார். முதல் மகன் நடக்கப் பழகியிருந்தான், அவனை அவளுடைய அம்மா பார்த்துக்கொண்டார். மழைக்காலத்தில் மலர் மகனின் காலுறைகளைக் கொண்டுவந்து மொனிட்டரின் மேலே காயப் போடுவாள். குகன் கை காய்ச்ச இடம் கேட்டுச் சண்டை பிடிப்பான். அந்தச் சண்டையை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

அந்தக் காலத்தில்தான் கொழும்புக் கம்பனி ஒன்று பள்ளிக்கூடங்களுக்காக ஒரு விளையாட்டுக் கேட்டது. செவ்வாய்க் கிரகத்தில் மனிதர் குடியேறுகிறார்கள், இருக்கிற காற்றையும் தண்ணீரையும் பிள்ளைகள் பங்கிட்டு நடத்தவேண்டும். குகனுக்குக் கொள்ளை ஆசை. மலர் மட்டும் கையைப் பிசைந்தாள்.

“அக்கா, எனக்கு ராக்கெட்டெல்லாம் வரையத் தெரியாது. ஆளுங்க குடியிருக்கிற எடந்தானே? அத வரையிறேன்.”

வரைந்துகொண்டு வந்தாள். செம்மண் மேட்டில் ஒரு நீளமான லயம், மேலே கண்ணாடிக் கூரை. ஒன்றை ஒன்று ஒட்டிய காம்பராக்கள், குடும்பத்துக்கு ஒரு அறை. ஒவ்வொரு காம்பராவின் முன்னாலும் இஸ்தோப்பு, அதாவது அந்தச் சின்னத் தாழ்வாரம். கோடியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்ப் பீலி. பெயரும் வைத்தாள், மேற்பிரிவு என்று. தோட்டத்தில் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்றுதானே சொல்வோம். பூமி கீழ்ப்பிரிவாம், செவ்வாய் மேற்பிரிவாம். சேர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, “அப்படியே இருக்கட்டும்” என்றார்.

அதன் பிறகு மேற்பிரிவில் பிறக்கப்போகும் பிள்ளைகளை வரையத் தொடங்கினாள். அப்போது அவளுக்கும் வயிற்றில் இரண்டாவது. “இது பொம்பளப் புள்ளையா இருந்தா நல்லம்க்கா. இல்லாட்டி அடுத்தது” என்பாள். அந்தப் பெண் பிள்ளைக்குப் பெயர்கூட வைத்திருந்தாள், துளசி. செவ்வாய்க்குப் பிள்ளைகள் வரைந்தபோது கடைசியாக வரைந்ததும் துளசியைத்தான். இரட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன், கையில் ஒரு சின்ன வாளி. கோடிக் காம்பராவிலிருந்து வெளியே வந்து, பீலிக்கு நடந்து, தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்புவாள். மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு படம் போதும் என்று விட்டவள், துளசியின் நடைக்கு மட்டும் படம் படமாகப் போட்டுத் தள்ளினாள். ரிப்பன் ஆடவேண்டுமாம்.

இனி அந்தப் பொத்தானுக்கு வருகிறேன்.

காற்று இவ்வளவுதான் என்று குகன் ஒரு கணக்கு எழுதியிருந்தான். ஆட்கள் கூடினால் சிவப்பு விளக்கு எரியும், ஒரு பெட்டி வரும்: “மேற்பிரிவில் காற்று போதாது. பிறப்புகளை நிறுத்தலாமா?” முதலில் கீழே இரண்டு பொத்தான்கள் இருந்தன, ‘சரி’, ‘இல்லை’. ‘இல்லை’யை அழுத்தினால் கொஞ்ச நேரத்தில் காற்று முடிந்து எல்லாரும் செத்துப்போவார்கள். அதைப் பார்த்த கம்பனிக்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சாவைக் காட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நியாயம்தானே? அதனால் குகன் ‘இல்லை’யை எடுத்துவிட்டான். பெட்டியில் ‘சரி’ மட்டும் மிஞ்சியது.

நான் பிழை அறிக்கை எழுதினேன். பெரிய தர்ம ஆவேசம் ஒன்றும் எனக்கு அப்போது இருக்கவில்லை, வேலைப் பழக்கம். பதில் சொல்ல ஒரே பொத்தான் என்றால் அங்கே கேள்விக்குறி எதற்கு? ஒன்று, இன்னொரு பொத்தானைப் போடுங்கள், இல்லாவிட்டால் கேள்வியை எடுங்கள் என்று எழுதினேன். கம்பனியிடமிருந்து அடுத்த நாளே பதில் வந்தது. கேள்விக்குறியை எடுத்துவிட்டார்கள். “பிறப்புகள் நிறுத்தப்படும்” என்று வசனம் மாறியது. என் அறிக்கை தீர்ந்தது.

துளசி பிறப்பு வரிசையில் கடைசி. பெட்டி அவளுக்கு முன்னமே வந்துவிடும். மலர்தான் அதை முதலில் கவனித்தாள்.

“குகண்ணே, அப்ப துளசி எப்பத்தான் வருவா?”

“வரமாட்டா. அதுக்கு முதல் பெட்டி வந்திடும்.”

“அட பாவி மனுசா! ரிப்பனெல்லாம் போட்டு வச்சிருக்கேன்.”

எல்லாரும் சிரித்தோம். எங்கள் எல்லாரையும்விட அவள்தான் கூடச் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

சனிக்கிழமைகளில் வகுப்புக்கு வரும் தோட்டத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து விளையாட்டைச் சோதித்துப் பார்ப்போம். அவர்கள் எல்லாரும் ஒரே பிழையைத்தான் விட்டார்கள். ஆட்கள் கூடக்கூட, காம்பராக்களின் முன்பக்கத்தில் போய் மவுஸை அழுத்திப் பிடித்து இழுப்பார்கள். அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் படம். குகனுக்குப் பொறுமை போய்விட்டது.

“அக்கா, இந்தப் பிள்ளையளுக்கு எங்க அமத்திறதெண்டே தெரியேல்லை.”

நான் சேர் சொன்னபடி கையைப் பார்த்தேன். கை ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துக்குத்தான் போனது. ஏன் என்றுதான் விளங்கவில்லை. நான் லயத்தில் இல்லை, கிளாக்கர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். மலர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“அவங்க இஸ்தோப்ப இழுக்குறாங்கண்ணே. வீட்டுல ஆளு கூடினா என்ன செய்வோம்? இஸ்தோப்பச் சுத்தித் தகரம் அடிச்சு ஒரு ரூம்பு ஆக்கிருவோம். எங்க அண்ணன் கல்யாணம் கட்டினப்ப அப்படித்தான். தொரைக்குத் தெரிஞ்சா ஏசுவாரு, அது பொறவு பாத்துக்கலாம்.”

“செவ்வாயில தகரத்துக்கு எங்க போறது?” என்றான் குகன்.

அதுவும் சிரிப்போடு முடிந்தது. பயனர் தெரியாமல் அழுத்துகிறார், விளக்கக் குறிப்புச் சேர்க்கவேண்டும் என்று அறிக்கையில் எழுதினோம்.

பிறகு மலருக்கு நாள் நெருங்கி விடுமுறையில் போனாள். மாடி வெறிச்சென்று போயிற்று. மொனிட்டர் முழுக்கத் தன் கைக்கே என்று குகன் கொஞ்ச நாள் சந்தோஷப்பட்டான், பிறகு அவனே, “சொக்ஸ் மணம் இல்லாமல் ஒரு மாதிரிக் கிடக்கக்கா” என்றான். வயிற்றை வெட்டித்தான் பிள்ளையை எடுத்தார்கள், ஆண் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம் என்று செய்தி வந்தது. குகன் கீழே கடையில் பணிஸ் வாங்கி வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் கொடுத்தான்.

இரண்டு மாதம் போலக் கழித்துத் திரும்பி வந்தாள். மெலிந்திருந்தாள். பிள்ளையைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள், ஆனால் தானாக ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கிழமை விளையாட்டைக் கம்பனிக்குக் கொடுக்கவேண்டும். விடுபட்ட படம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அவளை விளையாட உட்கார வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது, பெட்டி வந்தது. அவள் கை அசையவில்லை. வெகு நேரம் அப்படியே இருந்துவிட்டுப் பிறகு அழுத்தினாள்.

“குகண்ணே, இத அமத்தின பொறகு திரும்ப எடுக்க முடியாதா?”

குகன் தன் திரையிலிருந்து தலையை எடுக்கவில்லை. “ஏலாது மலர். அதுக்கு முதல் சேவ் பண்ணி வச்சிருந்தா அங்க திரும்பிப் போகலாம்.”

“நான் சேவ் பண்ணி வைக்கலையே.”

“அப்ப புதுசாத் தொடங்குங்கோவன்.”

அவள் எழுந்து வெளியே போனாள். கழிவறைக்குப் போகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வரக் காணோம். போய்ப் பார்த்தால், மாடிப்படியில் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கீழே கடைக்கு வந்தவர்கள் குடை மடக்கிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்றுதான் அந்தத் தலைப்பு.

பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

“வலி வந்து கெடக்குறேன்க்கா. வயித்த வெட்டணும்னுட்டாங்க. ஒரு நர்ஸ் மிஸ் வந்தாங்க. நல்ல மாதிரிதான், தலையெல்லாம் தடவி விட்டாங்க. சிங்களத்துல என்னமோ கேட்டாங்க. எனக்கு வெளங்கினது பாதி. ரெண்டு புள்ள போதுந்தானே, எல்லாம் ஒண்ணாவே முடிச்சிருவோம்ன மாதிரி. நான் ஹரி மிஸ், ஹரி மிஸ்ன்னேன். பேசி முடிச்சிட்டுப் போனாப் போதும்னு இருந்துச்சு. கையெழுத்தும் போட்டேனாம். தையல் பிரிக்கப் போனப்பதான் சொல்றாங்க, இனி உங்களுக்குப் புள்ளப் பிரச்சின இல்லன்னு.”

ஹரி என்றால் சிங்களத்தில் சரி.

“நான் சரின்னுதாங்க்கா சொன்னேன். ஆமான்னு சொல்லலையே.”

இதை நீங்கள் கொஞ்சம் நின்று கேட்கவேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் தொரையிடம் சரிங்க என்பாள், டொக்டரிடம் சரிங்க என்பாள், கணக்கப்பிள்ளை ஏசினாலும் சரிங்க என்பாள். சம்மதம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. நீங்கள் பேசியது காதில் விழுந்தது, என்னைப் போக விடுங்கள் என்றுதான் அர்த்தம். மலையகத்தில் பிறந்த யாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்தப் பெட்டியில் அந்த ஒரே சொல்லை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வீட்டுக்காரருகிட்டச் சொன்னியா?” என்று கேட்டேன்.

“சொன்னேன். சரி விடுன்னாரு.”

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். அந்த மிஸ் கெட்டவர் என்றும் நான் நினைக்கவில்லை. ஏழைப் பெண்ணுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்திருப்பார், அதுதான் எனக்கு இன்னும் கோபமாக இருக்கிறது. கெட்டவர் என்றால் திட்டிவிட்டுப் போகலாம்.

“குகண்ணனுக்குச் சொல்லுங்கக்கா. பாவம், தெரியாமப் பேசிட்டாரு, நாளைக்கு வேற யாரும் சொல்லிக் கேட்டா உடைஞ்சு போயிருவாரு. சேருக்கு மட்டும் வேணாம்” என்றாள்.

சொன்னேன். குகன் இரண்டு ஸ்வெட்டரோடும் வேர்த்துப் போனான்.

“அக்கா, நான் ஒரு கணக்குத்தானே எழுதினனான். காற்றுப் போதாதெண்டா வேற என்ன செய்யிறது?”

“காற்றுப் போதாதுன்னு எழுதினது யாரு குகன்? செவ்வாயா?”

அவன் திரையைப் பார்த்தான். காற்றின் அளவு அங்கே ஒரு வரியில் இருந்தது, அவன் கையால் அடித்த வரி. காம்பராவைப் பெருப்பிக்க முடியாது என்பதும் அவன் அடித்ததுதான், அதாவது அடிக்காமல் விட்டது.

இந்த இடத்தில் உங்களில் சிலர் என்னோடு வாதாடுவீர்கள் என்று தெரியும். விண்வெளியில் உண்மையிலேயே காற்று குறைவு, கப்பல் சிறியது, கதை என்றால் நெருக்கடி வேண்டும் என்பீர்கள். வேண்டும்தான். நெருக்கடி இல்லாத விளையாட்டை நானே தூக்கிப் போட்டுவிடுவேன். ஹட்டனை விட்டுக் கொழும்புக்குப் போன பிறகும் இந்த மாதிரி விளையாட்டுகள் எத்தனையோ பார்த்தேன். ஒன்றில் ஒரு இனத்துக்கே குடிநீரில் மருந்து கலந்து பிள்ளை இல்லாமல் செய்யலாம், செய்தால் உங்களுக்குக் கூடுதல் புள்ளி. இன்னொன்றில் பிள்ளை பெற அனுமதிச் சீட்டு. எல்லாவற்றிலும் நான் பார்த்தது இரண்டே விஷயம். போதாது என்று சொல்கிறவர்தான் போதாமல் செய்தவராக இருப்பார், அதை விளையாடுகிறவர் கண்ணுக்குக் காட்டமாட்டார். மற்றது, யாருடைய உடம்போ அவரைத் தவிர மற்ற எல்லாரிடமும் கேள்வி போகும். அந்தக் கேள்வி அவரிடமே போகட்டும், அவர் மாட்டேன் என்று சொல்ல இடமும் இருக்கட்டும், அதற்குப் பிறகு எவ்வளவு கஷ்டமான முடிவை வேண்டுமானாலும் வையுங்கள். நான் தடுக்கவில்லை.

அன்று ஹட்டனில் தடுத்தேன். சோதனை பார்க்கிறவளுக்கு உள்ள அதிகாரம் ஒன்றுதான்: இதை வெளியே விடலாம் என்று அவள் சொல்லாமல் விளையாட்டு வெளியே போகாது. நான் சொல்லமாட்டேன் என்றேன். கண்டி வீட்டிலிருந்து தொலைபேசியில் சேர் கத்தின கத்து கீழே கடைக்கும் கேட்டிருக்கும்.

“என்ன பிழை? படம் உடையுதா? நின்னு போகுதா?”

“இல்ல சேர். நல்லா ஓடுது.”

“பொறகென்ன உனக்கு? கம்பனிக்காரன் நாளைக்குக் கேப்பான். இந்த வேலை போனா மாடியப் பூட்டணும், தெரியுந்தானே?”

தெரியும். குகன் ஊருக்குப் போகவேண்டி வரும். மலருக்கு வேறு வேலை கிடைக்காது. அவளுக்காகப் பேசப்போய் அவள் வேலைக்கே உலை வைத்துவிடுவேனோ என்று பயந்தேன். நடந்ததைச் சொல்லி அவர் வாயை அடைத்திருக்கலாம். சொல்லவேண்டாம் என்று அவள் கேட்டிருந்தாள்.

“சேர், ஒரு தரம் வந்து விளையாடிப் பாருங்க. பொறகு நீங்க சொல்றபடி செய்றேன்” என்றேன்.

கண்டியிலிருந்து காரில் வந்து இறங்கினார். முகத்தில் கடுகு போட்டால் பொரியும். உட்கார்ந்தார். மனிதர் விளையாட்டுப் பிரியர், கொஞ்ச நேரத்தில் கோபம் மறந்து கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக் காற்றையும் தண்ணீரையும் பங்கிடத் தொடங்கிவிட்டார். மலர் தன் மேசையில் குனிந்தபடி இருந்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பெட்டி வந்தது. சேர் அழுத்தினார். பெட்டி போனது.

“சேர், இப்ப எதை அமத்தினீங்க?”

“சரின்னு இருந்துச்சு, அமத்தினேன்.”

“எதுக்குச் சரி?”

திரையைப் பார்த்தார். அங்கே பெட்டி இல்லையே. “என்னமோ காத்தப் பத்தி வந்துச்சு.”

“மேற்பிரிவில இனிப் பிள்ளையே பொறக்காதுன்னு வந்துச்சு சேர். நீங்க சரின்னிட்டீங்க.”

“நான் எங்க சரின்னேன்? பெட்டி மறைச்சுக்கிட்டு நின்னுச்சு, அது போகணும்னு அமத்தினேன்.”

சொல்லிவிட்டு நிறுத்தினார். மலர் நிமிர்ந்து பார்த்தாள். அவர் தன் வலக்கையைத் தூக்கிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“கையைப் பாத்தியா நீ?”

“நீங்கதானே சேர் சொல்லித் தந்தீங்க.”

“எனக்கே சோதனை வச்சிட்டியே” என்றார். சிரிக்கவில்லை. எழுந்துபோய் யன்னலில் நின்று, மூடுபனி ரயில் பாதையை மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ விளங்கியிருக்கவேண்டும், என்ன விளங்கியது என்று நான் கேட்கவில்லை. பிறகு அங்கிருந்தபடியே கொழும்புக்குத் தொலைபேசி எடுத்து, விளையாட்டில் ஒரு பெரிய பிழை இருக்கிறது, தன் பொறுப்பில் தாமதமாகும் என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இவர் காது சிவந்தது. ஆனால் இறங்கவில்லை. அந்த மனிதரை நான் அன்று போல என்றும் நேசித்ததில்லை.

பிறகு வந்த நாட்கள்தான் என் வேலைக் காலத்தின் நல்ல நாட்கள். குகன் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டான். பெட்டி இனி நடுவில் வந்து நிற்காது, ஒவ்வொரு காம்பரா வாசலுக்கும் போய், பிறப்பை நிறுத்தலாமா என்று கேட்கும். ஆம் என்று சொல்லும் வீடு இருக்கும், இல்லை என்று சொல்லும் வீடு இருக்கும், பிறகு சொல்கிறோம் என்று கதவைச் சாத்தும் வீடும் இருக்கும். விளையாடுகிற பிள்ளை அதற்கு ஏற்றபடி சமாளிக்கவேண்டும். இஸ்தோப்பை இழுத்தால் ஒரு அறை வரும், ஆனால் பாதை ஒடுங்கும், வேலை மெதுவாகும், எல்லாருக்கும் தண்ணீர் கொஞ்சம் குறையும். தோற்கவும் தோற்கலாம்: பூமியிலிருந்து கப்பல் வந்து எல்லாரையும் ஏற்றிப் போகும். சனிக்கிழமைப் பிள்ளைகளை மறுபடி உட்காரவைத்தோம். நேராகப் போய் இஸ்தோப்பை இழுத்தார்கள், அது நீண்டது. அந்தக் கூச்சலில் கீழே சாமான் கடைக்காரர் படியேறி வந்துவிட்டார். செவ்வாயில் தகரம் இருக்கிறது என்று குகன் ஒப்புக்கொண்டான்.

கம்பனி முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக்கொண்டது. விளையாட்டைப் பதிந்த இறுவட்டுகள் பள்ளிக்கூடங்களுக்குப் போயின. பாதிப் பள்ளிக்கூடங்களில் அதைப் போட்டுப் பார்க்கக் கொம்பியூட்டர் இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், நாங்கள் உலகத்தை மாற்றிவிட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள். மலருக்கு நடந்ததில் ஒரு துளியும் மாறவில்லை.

முடிந்த விளையாட்டை அவள் ஒரே ஒரு தடவைதான் விளையாடினாள். நான் பக்கத்தில் இருந்தேன். மெதுவாக விளையாடினாள், அவசரமே இல்லை. வாசல் வாசலாகக் கேட்டுக்கொண்டு போனாள். கோடிக் காம்பரா வீட்டார் இல்லை, நிறுத்தமாட்டோம் என்றார்கள். அவள் அந்த இஸ்தோப்பை இழுத்து விட்டுவிட்டுக் காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. இரட்டைப் பின்னலும் சின்ன வாளியுமாகத் துளசி வெளியே வந்தாள். பீலிக்கு நடந்தாள், தண்ணீர் பிடித்தாள், திரும்பினாள். சிவப்பு ரிப்பன் ஆடியது.

மலர் அழவில்லை. நான்தான் அழுதேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், மவுஸைக் கொண்டுபோய் மூலையில் ஓரிடத்தில் அழுத்தினாள்.

“சேவ் பண்ணிட்டேன்க்கா” என்றாள்.